எட்டு நிறப் பெட்டியில் கனகாம்பரம்

இந்த அறையின் ட்யூப்லைட் துடிக்கிறது. என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் துடித்துத்தான் ஆகவேண்டும், கரண்டு என்பதே விநாடிக்கு ஐம்பது தடவை போய்ப் போய் வருகிற சமாச்சாரம், அதில் எரிகிற விளக்கு மட்டும் எப்படி நிலையாக நின்று எரியும், மங்கி மங்கித்தான் எரிகிறது, நம் கண் சோம்பேறி, நடுவில் வருகிற மங்கலைக் கண்டுகொள்வதில்லை. நம் கண் என்று ஏன் சொல்கிறேன், என் கண். கட்டிலில் படுத்திருக்கிறாளே வசந்தாமணி, என் வீட்டுக்காரி, அவள் கண் அப்படியில்லை. வீட்டில் ஒரு ட்யூப் கெடப்போகிறதென்றால் அவளுக்குத்தான் முதலில் தெரியும், "ஏனுங்க, இது துடிக்குதுங்க, மாத்திப்போடுங்க" என்பாள், நான் அண்ணாந்து பார்த்துவிட்டு நல்லாத்தானே எரியுது என்பேன், அடுத்த வாரம் அது செத்துப்போகும். இப்போது கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். நர்கீஸ் என்கிற பெண், இந்த ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவெடுக்கிறவள், மணியின் முடியை வகிடு வகிடாகப் பிரித்து வெள்ளைப் பசை வைத்து ஒவ்வொரு ஒயராக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லி நேற்றே சொல்லிவிட்டார்கள், பூவும் கூடாது. பூ இல்லாமல் மணியை நான் வெளியில் பார்த்ததே கிடையாது, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வேன் எடுக்கிறபோதுகூடப் பின்னால் ஒரு முழம் கனகாம்பரம் தொங்கும். அந்த இடத்தில் இப்போது ஒயர்கள், பச்சை, நீலம், சாம்பல், மஞ்சள், அட, ஒன்று கனகாம்பர நிறத்திலேயே இருக்கிறது. கொண்டை ஊசி, தோடு, வேன் சாவி எல்லாவற்றையும் என் கையில் கழற்றிக் கொடுத்தாள். சாவி பத்திரமுங்க என்றாள். தோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வேன் என்றால் ஸ்கூல் வேன். மாடியில் நான் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை இழுத்து மூடிவிட்டு, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில், அவளாகப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாள், அவளாக லைசென்ஸ் வாங்கினாள். எனக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அந்தப் பேச்சை இழுத்தால் "வேன் நெறைய வெச்சிருக்கறனுங்க, போதாதா?" என்று வாயை அடைத்துவிடுவாள். காலாண்டுப் பரிட்சை முடிந்த அன்று சாயங்காலம், கடைசிப் பிள்ளை கவினயாவையும் வீட்டில் இறக்கிவிட்டு வருகிற வழியில் மார்க்கெட் முக்கில் என்னை ஏற்றிக்கொண்டாள். பாலத்தில் ஏறினோம். காவிரியில் வெயில் கீழே இறங்கிவிட்டிருந்தது, பாலத்தின் பக்கத்துக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து முகத்தில் அடித்தது, வெளிச்சம், கம்பி, வெளிச்சம், கம்பி. எனக்குப் பழைய புத்தி, கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய இமைக்குள் சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, வேன் வேகம் பிடிக்கப் பிடிக்க இரண்டும் ஒன்றாகி, சத்தியமாகச் சொல்கிறேன், கனகாம்பரம் பூத்தது. எத்தனை வருஷம் கழித்து! இந்த வேகத்துக்குத்தான் வருகிறது, இந்த வேகம்தான் என்று தொடையில் தாளம்போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், அப்போதுதான் கர்ரென்று சத்தம் கேட்டது, வேன் கம்பிக்குக் கீழிருந்த ஓரச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. மணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கண் திறந்திருந்தது, கன்னம் ஒரு பக்கம் இழுத்து இழுத்து விட்டது. மணி, மணி என்கிறேன், ஆள் அங்கே இல்லை. அப்புறம் வந்துவிட்டாள். வந்தவள் கேட்டது, "ஏனுங்க வண்டி நிக்குது?"

டாக்டரிடம் வேறு மாதிரி சொன்னாள். வெயிலுங்க, காலைல சரியாச் சாப்பிடலீங்க, சித்தே தலை சுத்திருச்சுங்க. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைசுத்தல் என்றால் மாத்திரையோடு போகும். அந்த இன்னொன்று என்றால் லைசென்ஸ் போச்சு, வேன் போச்சு, ஒரேயடியாகப் போச்சு. அந்த இன்னொன்றுக்குத் தமிழில் நல்ல கனமான சொல் இருக்கிறது, வீட்டில் இதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதை வாயால் சொல்லவில்லை. கம்பிக்கு நடுவே வெயில் அடித்ததை நானும் சொல்லவில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம், அவளுக்கு நினைவே இல்லை, வண்டி ஏன் நின்றது என்றல்லவா கேட்டாள். டாக்டர் எதற்கும் ஒரு டெஸ்ட் பார்த்துவிடுவோம் என்று எழுதினார். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்றைக்கு இங்கே வந்ததும் அவள் ஓட்டிக்கொண்டுதான், வேண்டாம் மணி என்று சொல்லப் பார்த்தேன், எதற்கு வேண்டாமுங்க என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள், நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, வானம் மோடம் போட்டு வெயிலை மறைத்திருந்தது, பாலத்தில் நிழலே விழவில்லை.

"கண்ணைத் தொறங்கம்மா. ம், மூடுங்க. மறுபடி தொறங்க." நர்கீஸுக்கு முன்னால் ஒரு திரை, அதில் வரி வரியாகக் கோடுகள் இடமிருந்து வலமாக நடுங்கிக்கொண்டே போகின்றன. கோடுகள் வரி வரியாகப் போவதைப் பார்த்தால் எனக்கு எப்படிச் சும்மா இருக்க முடியும்? டிவியும் அப்படித்தானே, அந்தக் காலத்து டிவி. ஒரே ஒரு ஒளிப்புள்ளி மேலே இடது மூலையில் கிளம்பி, வலது பக்கம் ஓடி, திரும்ப வந்து, அடுத்த வரி, அடுத்த வரி என்று கீழே வந்து சேரும், மறுபடி மேலே தாவும், விநாடிக்கு ஐம்பது தடவை. கூலியில்லாமல் பாத்தி கட்டுகிற ஆள் மாதிரி ஒரு ஓட்டம். என்னிடம் இருந்த பெட்டி அந்த டிவியில் மாட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர், எட்டு நிறம்தான் அதற்குத் தெரியும், கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தே எட்டு. அதிலும் ஒரு வம்பு. பெட்டியைச் செய்தவன் திரையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தான், ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் வைக்க முடியாது. முடியாது என்றுதான் புத்தகத்தில் போட்டிருந்தது. ஆனால் அந்தப் புள்ளி கட்டத்தின் பாதியைத் தீட்டிவிட்டுக் கீழே இறங்குவதற்குள் அந்தக் கட்டத்தின் நிறத்தை நீ மாற்றிவிட்டால்? மேல்பாதிக்கு இரண்டு, கீழ்பாதிக்கு வேறு இரண்டு. டிவிக்குத் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது, பார்க்கிறவனுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒரு இம்மி முன்னால் மாற்றினாலும் ஒரு இம்மி பின்னால் மாற்றினாலும் படம் கோணிக்கொள்ளும், ஆகவே சரியான நேரம் வரும்வரை பெட்டியைக் காத்திருக்கச் சொல்லவேண்டும். அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஒன்றும் செய்யாதே என்று அர்த்தம். என் நிரலில் பாதிக்குமேல் அதுதான் இருந்தது, ஒன்றும் செய்யாதே, ஒன்றும் செய்யாதே, ஒன்றும் செய்யாதே, இப்போது மாற்று. பக்கத்துப் பவர்லூம்காரன் மோட்டாரைப் போட்டால் வோல்டேஜ் இறங்கும், டிவியில் படம் சுருங்கும், நான் அவனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"இப்ப வாயால மூச்சு வாங்கி விடுங்கம்மா. வேகமா, ஊதற மாதிரி." மணி ஊதுகிறாள். வயிறு ஏறி இறங்குகிறது. அடுப்பு ஊதச் சொன்னால்கூட இவ்வளவு சிரத்தையாக ஊதமாட்டாள், எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கவேண்டும் இவளுக்கு, இந்தப் பரிட்சையில் முதல் மார்க் என்றால் என்னவென்று தெரியாமலே ஊதுகிறாள். நான் கனகாம்பரத்துக்கு வருகிறேன். கட்டத்துக்குள் நாலு நிறம் வைத்தாயிற்று, ஆனாலும் எட்டில் இல்லாத நிறம் இல்லாததுதானே. சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு, நடுவில் இருப்பது கிடையாது. நான் செய்தது இவ்வளவுதான், ஒரு ஓட்டத்துக்குப் பூவைச் சிவப்பாகத் தீட்டு, அடுத்த ஓட்டத்துக்கு அதே பூவை மஞ்சளாகத் தீட்டு, மாற்றி மாற்றி. கண்ணால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, இரண்டையும் குழைத்துக்கொண்டு கனகாம்பரம் என்று சொல்லிவிடும். பெட்டிக்குள் எங்கே தேடினாலும் அந்த நிறம் கிடைக்காது. டிவிக் கண்ணாடியிலும் கிடையாது. பார்க்கிறவன் மண்டைக்குள்தான் இருக்கிறது. பொருட்காட்சியில் ஒரு ஸ்டால் போட்டு, 'இல்லாத ஒன்பதாவது நிறம், வந்து பாருங்கள்' என்று எழுதி வைத்தேன். கூட்டம் அள்ளியது. எல்லோரும் பார்த்தார்கள், ஆமாப்பா, அசல் கனகாம்பரம் என்றார்கள், ஒரு போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அப்போது ஒரு பெண் அவளுடைய அண்ணியோடு வந்தாள், தலை நிறையக் கனகாம்பரம். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது, மைக் வேறு கையில், உங்க தலையில இருக்கற அதே கலருங்க, நல்லாப் பாருங்க என்றேன். பார்த்தாள். குனிந்து, கிட்டத்தில் போய், பொறுமையாகப் பார்த்தாள். "இல்லீங்களே" என்றாள். "செவப்பு வருது, மஞ்ச வருது. செவப்பு வருது, மஞ்ச வருது. கனகாம்பரம் எங்கீங்க இருக்குது?" ஸ்டாலே சிரித்தது. போலீஸ்காரர்தான் ஜாஸ்தி சிரித்தார்.

அதற்கப்புறம் நான் விசாரித்து மணியைப் பெண் கேட்டுப்போன கதையை எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் நிறைய தடவை போட்டுக் காட்டியிருக்கிறேன். சிவப்பைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தேன், புள்ளி புள்ளியாகக் கலந்து பார்த்தேன், அறையை இருட்டாக்கிப் பார்த்தேன். ம்ஹும். இல்லீங்க, துடிக்குதுங்க. கட்டின புருஷனுக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமாங்க தெரியுதுங்க என்று ஒரு பொய் சொல்லக்கூடாதா? மாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்குவாள், கூசுதுங்க என்று எழுந்து போய்விடுவாள். அங்கேதான் எனக்கு இடறுகிறது. பாலத்திலிருந்து வந்த நாளாக அதே இடத்தில் இடறிக்கொண்டிருக்கிறது. கூசுதுங்க என்றது வெறும் கூச்சம்தானா? வேகமான கண் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது கண்ணே இல்லையா, அதற்குப் பின்னால் இருக்கிற வேறு ஏதோவா? அப்படியென்றால் இத்தனை வருஷம் அது அங்கேயே இருந்ததா, வேனில், அத்தனை பிள்ளைகளோடு, பனிமூட்டத்திலும் மழையிலும், ஒரு சரியான வேகத்துக்கு, ஒரு சரியான வெயிலுக்குக் காத்துக்கொண்டு? சரி, விடு. இதெல்லாம் டாக்டருக்கு. நான் படித்தது கம்ப்யூட்டர், அதுவும் எட்டு நிறக் கம்ப்யூட்டர்.

"போதுங்கம்மா, சாதாரணமா மூச்சு விடுங்க." நர்கீஸ் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். "நல்லாத்தான் இருக்குதுங்க சார்." அடேயப்பா, எழுந்து ஒரு டீ குடிக்கலாம் போலிருந்தது. நர்கீஸ் கட்டிலின் தலைமாட்டில் இருந்த ஒரு ஸ்டாண்டை இழுத்தாள், அதன் முனையில் வட்டமாக ஒரு விளக்கு. இழுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டு மணிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணுதாங்க. கண்ணுக்கு நேரா லைட்டை வெட்டி வெட்டி அடிக்கறது. இது பெரும்பாலும் சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ஏதாச்சும் காட்டும், அம்மா வயசுக்கு ஒண்ணும் வராதுங்க. டாக்டரும் தலைசுத்தல்னுதான் எழுதியிருக்காரு. இத விட்டுரட்டுங்களா சார்?"

சார் என்றது என்னை. கேட்டது என்னை. சாவி உள்ளங்கையில் அழுந்துகிறது. விட்டுவிடலாம் என்றால் விட்டுவிடுவாள், ஒரு தலையசைப்பு போதும், அதுகூட வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், ஒன்றும் செய்யாதே, ஒன்றும் செய்யாதே, நேரம் அதுபாட்டுக்குப் போகும், நர்கீஸ் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு ஒயரைப் பிரிப்பாள், டாக்டர் ஒன்றுமில்லை என்பார், போகிற வழியில் பூ வாங்குவோம், நாளைக்குக் காலையில் கவினயா கியர் பக்கத்தில் உட்கார்ந்து நேற்றுப் பார்த்த கார்ட்டூனை மணிக்குச் சொல்லும். சாயங்காலம் பாலம். வெயில் கூடக் குறைய அதே இடத்தில்தான் இருக்கும், ஐப்பசி வரைக்கும் இருக்கும். ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கித் தரலாம். வேறு வழியாகச் சுற்றிப் போகச் சொல்லலாம், ஏன் என்பாள். நான் தினமும் கூட ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், உட்கார்ந்து? பிரேக் எது என்றே எனக்கு நிச்சயமில்லை. வேனைப் பறித்துவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும், நானே ஆனேனே, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. என்னைத் தூக்கி நிறுத்த அவள் இருந்தாள், அவளைத் தூக்கி நிறுத்த யார், நானா? சிரிப்புத்தான். அந்த ஒன்றும் செய்யாதே கட்டளைகளில் ஒன்று கூடினாலும் படம் கோணிக்கொள்ளும், அது தெரியும், தெரிந்தும் இன்னொன்று, இன்னொன்று. பயமாக இருக்கிறது. வாயைத் திறந்தேன், திறந்து என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"போடு கண்ணு."

நர்கீஸ் திரும்பினாள். மணி கண்ணைத் திறக்கவில்லை. "ஆத்துப் பாலத்துல, கம்பிக்கு நடுவால வெயிலு வெட்டி வெட்டி அடிச்சுது. அப்பத்தான் எனக்கு அது வந்துது. டாக்டருகிட்ட சொல்லோணும்னுதான் இருந்தேன், வாய் வரல. இவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம், கண்ண மூடிட்டுத் தாளம் போட்டுட்டு இருந்தாரு. நீ போட்டே பாத்துரு. நாளைக்கு வேன்ல பிள்ளைங்க ஏறும்." நர்கீஸ் என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. முழுக்க, தாளம் உட்பட. இந்த ஒரு வாரமும் நான் அவளிடமிருந்து எதை ஒளித்துக்கொண்டிருந்தேனோ அதையே அவள் என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

ட்யூப்லைட்டை அணைத்தாள் நர்கீஸ். விளக்கு மணியின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. முதலில் மெதுவாக, டக், டக், டக், முகம் தெரிகிறது, இல்லை, தெரிகிறது, இல்லை. நின்றது. மறுபடி, இன்னும் கொஞ்சம் வேகம். நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏற்றுகிறாள், நான் எண்ணுகிறேன், எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை, தொடையில் விரல் தானாக அடிக்கிறது. இது பாலத்தில் ஏறும்போது இருந்த வேகம். நின்றது. இது நடுப்பாலம். இதற்கு அடுத்தது. இதற்கு அடுத்ததுதான், வேண்டாம், அதுதான், வந்துவிட்டது. மணி சிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பசை அப்பிய தலையோடு, பொருட்காட்சிக்கு வந்த பெண் மாதிரிச் சிரித்தாள்.

"ஏனுங்க, தெரியுதுங்க. உங்க கனகாம்பரம்."

"பேசாதீங்கம்மா" என்றாள் நர்கீஸ். சொல்லி முடிப்பதற்குள் திரையில் அத்தனை கோடுகளும் ஒரே நேரத்தில் எகிறின, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி பாக்கியில்லை, நர்கீஸின் கை பாய்ந்துபோய் விளக்கை அணைத்தது. இருட்டில் திரை வெளிச்சம் மட்டும். கோடுகள் கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு அடங்கின. மணிக்கு ஒன்றும் ஆகவில்லை, கன்னம் இழுக்கவில்லை, ஆள் அங்கேயேதான் இருந்தாள். "அதுக்குள்ள ஏன் கண்ணு நிறுத்திப்புட்டே? நல்லா இருந்துதே" என்றாள். நர்கீஸ் அவள் பக்கம் திரும்பாமலே, "டாக்டர் பாத்துச் சொல்லுவாருங்கம்மா" என்றாள். ட்யூப்லைட் போட்டாள். மணி அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, வந்ததைச் சொல்லிவிடுகிறேன், கட்டிலுக்குப் பின்னால் நின்றுகொண்டதால் அவள் பார்க்கவில்லை.

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள் நர்கீஸ், கனகாம்பர ஒயர் கடைசியில் வந்தது. மணி எழுந்து உட்கார்ந்து பஞ்சால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள், முடியைச் சுருட்டி முடிந்தாள், கையை நீட்டினாள். கொண்டை ஊசியைக் கொடுத்தேன், குத்திக்கொண்டாள். தோட்டைக் கொடுத்தேன், கண்ணாடி இல்லாமலே மாட்டிக்கொண்டாள். சாவியை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நீட்டின கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம பக்கத்துக்கு எந்த பஸ்ஸுங்க போகும்?" என்றாள்.